மலிவு ஆயிலும் ஒட்டாத காந்தமும்

போன வாரம் காலை நடையில் ஒரு பேச்சு வந்தது. அதை அப்போதே முடித்திருக்கலாம். முடிக்காமல் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் மனத்துக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். எழுதிவிட்டால் தீரும் என்று எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெண் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். வேலம்பாளையத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். லீவுக்கு வந்திருந்தவள் எதிரே பால் வாங்கிக்கொண்டு வந்தாள். என்னோடு நடக்கும் நண்பர், எட்டு நிட்டிங் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் பார்த்தவர், இப்போது மகனிடம் ஒப்படைத்துவிட்டவர், "என்ன கண்ணு படிக்கறே?" என்று கேட்டார்.

"காந்தத்தன்மை உள்ள உலோகக் கலவைய மெல்லிய படலமா வளர்த்து, அதோட குணத்த அளக்கறதுங்க மாமா."

"எத்தன வருசமா?"

"நாலு முடிஞ்சுதுங்க."

அவள் போனதும் நண்பர் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்கய்யா, தகடு மேல பூச்சு பூசறதுக்கு நாலு வருசமா? நம்ம அனுப்பர்பாளையத்துல ஈயம் பூசறவன் அரை மணி நேரத்துல பூசிப்போட்டு அடுத்த பாத்திரத்துக்குப் போயிர்றான். அத்தனையும் நம்ம வரிப்பணம், பாத்துக்கங்க."

நண்பரை நான் குறை சொல்லவில்லை. நல்ல மனிதர். ஆனால் இதே பேச்சை நான் முப்பத்தேழு வருஷம் அரசு அலுவலகத்தில், அதுவும் கோப்பின் மேல் பச்சை மையில், படித்திருக்கிறேன். சில சமயம் நானே எழுதியிருக்கிறேன். அதனால்தான் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் அந்த ஈயப் பூச்சையே எடுத்துக்கொள்வோம். அனுப்பர்பாளையம் நமக்குப் பக்கத்து ஊர். பித்தளைப் பாத்திரத்துக்குப் பெயர் போன இடம். பித்தளையே செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. அதற்குள் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும் என்பதற்காக ஈயம் பூசினார்கள். நாம் ஈயம் என்று சொல்லும் அது வெள்ளீயம். பூசுகிறவர் முதலில் என்ன செய்கிறார் என்று பார்த்திருப்பீர்கள். பாத்திரத்தை அழுக்குப் போகத் தேய்க்கிறார். சூடு காட்டி நவச்சாரம் தூவுகிறார். புகை கிளம்பி உலோகம் பளிச்சென்று ஆன பிறகுதான் ஈயத்தை வைத்துப் பஞ்சால் இழுக்கிறார். எண்ணெய்ப் பிசுக்கு ஒரு விரல் அளவு இருந்தாலும் அந்த இடத்தில் பூச்சு பிடிக்காது. அரை மணி நேர வேலையில் பெரும்பகுதி சுத்தம் செய்வதற்கே போகிறது. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என் கதையில் வரும்.

அந்தப் பெண் பூசும் பூச்சின் கனம் நானோமீட்டர் கணக்கு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு. நம் தலைமுடி ஏறக்குறைய எண்பதாயிரம் நானோமீட்டர் தடிமன். அவள் படலங்களில் சில பத்து நானோமீட்டர்கூட இல்லை. அணுக்களை எண்ணிவிடலாம் என்கிற அளவு.

எப்படி வளர்க்கிறாள் என்று திண்ணையில் உட்காரவைத்துக் கேட்டேன். ஒரு எஃகு அறை, பெரிய சோற்றுக்குண்டான் அளவு இருக்குமாம். அதிலுள்ள காற்றைப் பம்பு வைத்து இறைக்கிறார்கள். வெளிக்காற்றின் அழுத்தத்தில் நூறு கோடியில் ஒரு பங்குக்கு வந்தால்கூட அவர்களுக்குப் போதாது. அந்த நிலையிலும் மீந்திருக்கும் காற்று ஒரே வினாடியில் தகட்டின் மேல் ஒரு அணு அடுக்கு கனத்துக்குப் படிந்துவிடுமாம். அதற்கும் கீழே இறக்க வேண்டும். பிறகு கொஞ்சம் ஆர்கான் வாயுவை விட்டு மின்சாரம் கொடுத்தால், ஆர்கான் அயனிகள் உலோகக் கலவைத் தட்டின் மேல் போய் மோதுகின்றன. மோதிய வேகத்தில் நிக்கல், இரும்பு அணுக்கள் தெறித்து எதிரே இருக்கும் சிலிக்கான் சில்லின் மேல் விழுகின்றன. இதற்கு ஸ்பட்டரிங் என்று பெயர். கேரம்போர்டில் ஸ்டிரைக்கர் அடித்துக் காய் தெறிப்பதை நினைத்துக்கொண்டேன். சரிதான் என்று சிரித்தாள். விழும் வேகம் வினாடிக்கு ஒரு அணு அடுக்கைவிடக் குறைவாகவும் இருக்கலாம். கடைசியில் மேலே டான்டலம் என்ற உலோகத்தால் ஒரு மூடி போடுகிறார்கள். போடாவிட்டால் வெளியே எடுத்ததும் இரும்பு துருப்பிடிக்க ஆரம்பித்துவிடும். அத்தனை மெல்லிய படலத்தில் துருவுக்கு மிஞ்சி ஒன்றும் இருக்காது.

இது பாதி வேலை. நண்பர் நினைத்தது இந்தப் பாதியை மட்டும்.

மறு பாதி, என்ன வளர்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது. கண்ணுக்கு எல்லாமே வெள்ளிக் கண்ணாடி மாதிரிதான் தெரியும். நூற்றுக்கு எண்பது நிக்கல், இருபது இரும்பு என்று வைத்த கலவைக்குப் பெர்மல்லாய் என்று பெயர். இந்த விகிதத்தின் அருகே மிகச் சிறிய காந்தப் புலத்துக்கே அது திசை மாறும். இழுத்தாலும் அமுக்கினாலும் அதன் காந்த குணம் பெரிதாக மாறாது. விகிதம் கொஞ்சம் தவறினால் இந்த நல்ல குணமெல்லாம் போய்விடும். தட்டில் எண்பது இருந்தால் படலத்திலும் எண்பது இருக்கும் என்று உறுதியில்லை. ஆகவே எக்ஸ்ரே காட்டி அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன, கனம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி விகிதம் பார்க்க வேண்டும். நாலு ஊசி வைத்து மின்தடை பார்க்க வேண்டும். பிறகு அதிர்வு காந்தமானி என்று ஒரு கருவி: சில்லைக் காந்தப் புலத்தில் வைத்து மேலும் கீழும் அதிரவிட்டு, பக்கத்துச் சுருளில் எழும் மின்னழுத்தத்திலிருந்து காந்தத்தின் அளவைக் கண்டுபிடிக்கிறார்கள். புலத்தை ஏற்றி, இறக்கி, திருப்பி ஏற்றினால் வரைபடத்தில் ஒரு கண்ணி விழும். தயக்கக் கண்ணி என்கிறார்கள். காந்தம் சொன்னவுடன் திரும்பாமல் தயங்கித் திரும்புவதால் அந்தப் பெயராம். அரசு அலுவலகத்தில் இருந்த எனக்கு அதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

அளக்காத படலத்துக்கு இந்தத் தொழிலில் மதிப்பே கிடையாது. பளபளக்கிற கண்ணாடித் துண்டு, அவ்வளவுதான். வளர்த்த பத்தில் எட்டு அளக்கும்போது தோற்றுப்போகும். ஏன் தோற்றது என்று கண்டுபிடிக்கத்தான் நாலு வருஷம்.

இனி என் கதை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சுவழியில் படித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். ரசாயனமும் இயற்பியலும் பிரெஞ்சில் படித்துவிட்டு, கடைசியில் எல்.டி.சி. தேர்வு எழுதி, ஆங்கிலத்தில் குறிப்பெழுதிக் காலம் தள்ளினேன். ஓய்வுக்கு முந்தைய சில ஆண்டுகள் ஒரு அரசுக் கல்விநிலையத்தின் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தேன். எந்த நிலையம் என்பது வேண்டாம். யாருக்கு என்ன வாங்க வேண்டுமென்றாலும் இன்டென்ட் என் மேசைக்கு வர வேண்டும். நான் குறிப்பு எழுதினால்தான் கோப்பு மேலே நகரும்.

2006 என்று நினைவு. இயற்பியல் துறையில் ஒரு பேராசிரியர், அவரிடம் ஒரு மாணவி. அவர்களிடம் இருந்தது பழைய பூச்சுக் கருவி. கண்ணாடிக் குடுவைக்குள் உலோகத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் வகை. அதன் டிஃப்யூஷன் பம்பில் ஒரு எண்ணெய் கொதித்துக்கொண்டே இருக்கும். அந்த ஆவியின் வேகத்தில்தான் காற்று வெளியேறும். அந்த எண்ணெய் தீர்ந்துவிட்டது. பேராசிரியர் ஒரு குறிப்பிட்ட சிலிக்கோன் எண்ணெயின் பெயரை எழுதி, இதுதான் வேண்டும், விலை பதினெட்டாயிரம் ரூபாய் என்று இன்டென்ட் அனுப்பினார்.

அப்போது நடைமுறையில் இருந்தது 2005-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள். பதினைந்தாயிரம் வரை கொட்டேஷன் இல்லாமல் வாங்கலாம். அதற்கு மேல், ஒரு லட்சம் வரை, மூன்று பேர் கொண்ட கொள்முதல் குழு சந்தை விலையை விசாரித்துச் சான்று தர வேண்டும். பதினெட்டாயிரத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம். பொய் சொல்வானேன்? அந்தப் பேராசிரியர் என்னை வராந்தாவில் பார்த்தால் தலையசைக்க மாட்டார். ஒருமுறை என் குறிப்பின் ஆங்கிலத்தைத் திருத்தி அனுப்பியவர். "கம்பெனி பெயரைக் குறிப்பிடக் கூடாது, தொழில்நுட்ப விவரம் மட்டும் தருக" என்று எழுதித் திருப்பினேன். அவர் விவரம் எழுதி அனுப்பினார். "மூன்று கொட்டேஷன் இணைக்கப்படவில்லை" என்று மறுபடியும் திருப்பினேன். இப்படி நாலு மாதம்.

ஒரே நிறுவனம்தான் இந்தப் பொருளைச் செய்கிறது என்று துறைத்தலைவர் சான்று கொடுத்தால் ஒற்றை டெண்டரிலேயே வாங்கலாம் என்று அதே விதிகளில் வழி இருந்தது. எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

கடைசியில் மூன்று கொட்டேஷன் வந்தன. மிகக் குறைந்த விலை நாலாயிரத்துச் சொச்சம். "அதற்குச் சமமான தரம்" என்று ஒரு வரி போட்டிருந்தார்கள். எல்-1 அதுதான். வாங்கினோம். பதினாலாயிரம் ரூபாய் அரசுக்கு மிச்சம் என்று நான் எழுதிய குறிப்பு இன்றைக்கும் அந்தக் கோப்பில் இருக்கும். ஆடிட்டில் ஒரு கேள்வி வரவில்லை.

அந்த எண்ணெய் சாதாரண கனிம எண்ணெய். சூட்டில் சிதைந்து அதன் ஆவி குடுவைக்குள்ளேயே திரும்பி வந்து கண்ணாடித் தகட்டில் படிந்தது. அதன் மேல் மாணவி நிக்கலையும் இரும்பையும் படியவிட்டாள். நவச்சாரம் போடாத பாத்திரத்தின் ஈயம்போல அது ஒட்டவில்லை. சில நாளில் சருகாக உரிந்தது. உரியாத சிலவற்றைப் பஞ்சில் சுற்றி டப்பாவில் வைத்துக்கொண்டு சென்னைக்குப் போய் அளந்துவந்தாள். இரண்டு படலம் ஒரே மாதிரி இல்லை. தான் செய்வதில்தான் தவறு என்று நினைத்து மறுபடி மறுபடி செய்திருக்கிறாள். எண்ணெய்தான் காரணம் என்று தெரிவதற்குள் ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. உதவித்தொகைக் காலம் முடிந்தது. அவள் வங்கித் தேர்வு எழுதிப் போய்விட்டாள். போவதற்கு முன் அவள் சென்னைப் பயணப்படி பில்லிலும் நான் ஒரு ஆட்சேபணை எழுதினேன். டிக்கெட்டின் அசல் இணைக்கப்படவில்லை என்று.

இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. 2007 அக்டோபரில்தான் உறைத்தது. அந்த ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு பிரான்சின் ஆல்பேர் ஃபேருக்கும் ஜெர்மனியின் பீட்டர் குரூன்பெர்க்குக்கும் கிடைத்தது. பிரெஞ்சுக்காரருக்கு நோபல் என்றதும் பழைய பாசத்தில் பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றைத் தேடிப் படித்தேன். 'கூஷ் மேன்ஸ்' என்று வரிக்கு வரி வந்தது. மெல்லிய படலம் என்று அர்த்தம். இரும்பு, குரோமியம், இரும்பு, குரோமியம் என்று மாற்றி மாற்றி அடுக்கிய படலம். படித்துக்கொண்டே வந்தவன், அந்த மாணவியின் கோப்பில் ஆங்கிலத்தில் படித்த அதே சொற்களைக் கண்டதும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன்.

பிறகு அவரைப் பற்றி நிறையப் படித்தேன். நண்பருக்குச் சொல்ல வேண்டியது இதில் இருக்கிறது. 1970 வாக்கில் தம் ஆய்வேட்டிலேயே, நிக்கல் கலவைகளில் மின்னோட்டம் எலக்ட்ரானின் சுழற்சித் திசையைப் பொறுத்து இரண்டு வழியாகப் போகிறது என்பதை ஃபேர் ஆராய்ந்தார். அடுக்குப் படலமாகச் செய்து பார்க்கலாம் என்றால், நானோமீட்டர் கனத்தில் அடுக்க அன்றைக்கு யாருக்கும் கை வரவில்லை. 1980களின் நடுவில்தான் அது கைகூடியது. தாம்சன் நிறுவன ஆய்வகத்தில் படலங்களை வளர்த்தார்கள். ஓர்சே பல்கலைக்கழகக்காரர்கள் அளந்தார்கள். 1988-இல் வெளியான கட்டுரையில் ஒன்பது பேர் பெயர். முதல் பெயர் பிரேசிலிலிருந்து வந்திருந்த பைபிச் என்பவருடையது. குரோமியம் அடுக்கு ஒரு நானோமீட்டருக்கும் குறைவாக, 0.9 நானோமீட்டராக இருந்தபோது, காந்தப் புலம் வைத்ததும் மின்தடை ஏறக்குறையப் பாதியாக இறங்கியது. அது மிகக் குளிர்ந்த நிலையில், திரவ ஹீலியத்தில் அளந்தது. அடுத்த இரண்டே ஆண்டில் ஐ.பி.எம்.மின் ஸ்டூவர்ட் பார்க்கின், நம் தெருப் பெண் செய்கிற அதே ஸ்பட்டரிங் முறையிலேயே இந்த விளைவைக் கொண்டுவர முடியும் என்று காட்டினார். 1997-இல் அது ஹார்ட் டிஸ்க்கைப் படிக்கும் முனையாகக் கடைக்கு வந்துவிட்டது. அதன் பின்னால் வந்த எத்தனையோ கம்ப்யூட்டர்களில் பேரனுடைய போட்டோவைத் தேடி எடுத்துக் காட்டியது அந்தப் படலம்தான்.

1970-லிருந்து 1988 வரை. இடையில் யாராவது ஸ்டோர்ஸ் கிளார்க் ஒருவர் குரோமியத்துக்கு எல்-1 கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மலிவைத் தேடுவதே தப்பு என்று நான் சொல்லவரவில்லை. பாரிஸுக்குப் பக்கத்தில் செவ்ர் என்ற ஊரில் சர்வதேச எடை அளவை அலுவலகம் இருக்கிறது. மீட்டருக்கும் கிலோவுக்கும் மூலப்படி வைத்திருந்த இடம். அங்கே ஷார்ல் எதுவார் கியோம் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் வேலை பார்த்தார். பிளாட்டினம்-இரிடியத்தில் அளவுகோல் செய்து எல்லோருக்கும் கொடுக்கக் கட்டுப்படியாகவில்லை. மலிவான உலோகம் வேண்டும் என்று தேடினார். நிக்கலும் இரும்பும் விதவிதமான விகிதத்தில் கலந்த துண்டுகளை ஒவ்வொன்றாக அளந்தார். 36 விழுக்காடு நிக்கலில், சூடு பட்டாலும் ஏறக்குறைய நீளாத ஒரு கலவை கிடைத்தது. அதுதான் இன்வார். 1920-இல் அவருக்கு நோபல் கொடுத்தார்கள். அதன் நீளாத குணத்துக்குக் காரணமும் காந்தம்தான் என்கிறார்கள். அவர் தேடியதும் எல்-1தான். ஆனால் அளந்து பார்த்து எடுத்தார். நான் விலைப்பட்டியலை மட்டும் பார்த்து எடுத்தேன்.

"மூன்று கொட்டேஷன் இல்லாவிட்டால் திருட்டு நடக்கும் அய்யா" என்று என் பழைய சகாக்கள் சிலர் இதைப் படித்துவிட்டு எழுதுவார்கள். எழுதட்டும். நானும் அந்த மேசையில் இருந்தவன். மூன்று லெட்டர்ஹெட்டில் ஒரே கையெழுத்து, ஒரே எழுத்துப்பிழையோடு வந்த கொட்டேஷன்களைப் பார்த்தவன். 'ஈக்விப்மென்ட்' என்ற சொல்லில் மூன்று கடைக்காரர்களும் அதே எழுத்தை விட்டிருந்தார்கள். விதிப்படி எல்லாம் சரி, பாஸ் ஆனது. திருடுகிறவனுக்கு மூன்று கொட்டேஷன் பத்து நிமிஷ வேலை. நேர்மையான பேராசிரியருக்குத்தான் அது நாலு மாதம். பொதுப்பணத்துக்குக் காவல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காவல்காரன் கதவில் நிற்கட்டும். சமையலுக்கு என்ன எண்ணெய் என்பதை அவன் ஏன் முடிவு செய்ய வேண்டும்?

இப்போது எல்லாம் மாறிவிட்டது என்பீர்கள். கொஞ்சம் மாறியிருக்கிறது. 2025 ஜூனில் மத்திய நிதியமைச்சகம், மத்திய அரசின் கீழுள்ள ஆய்வு நிறுவனங்கள் கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பை ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாக்கியது. குழு வைத்து வாங்கும் வரம்பைப் பத்திலிருந்து இருபத்தைந்து லட்சமாக்கியது. ஜெம் இணையச் சந்தையில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயத்தையும் தளர்த்தியது. நல்லது, வரவேற்கிறேன். ஆனால் இதே அரசுதான் 2022 ஜூலையில், பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வு நிலையங்கள் வாங்கும் கருவிகளுக்கு இருந்த ஐந்து விழுக்காடு ஜி.எஸ்.டி. சலுகையை எடுத்துவிட்டுப் பதினெட்டாக்கியது. அரசு ஒரு கையால் மானியம் கொடுத்து மறு கையால் வரியாக எடுத்துக்கொள்ளும் கணக்கு எந்தக் கணக்கு என்று முப்பத்தேழு வருஷம் கணக்கு எழுதிய எனக்குப் புரியவில்லை. 2024 ஜூலை பட்ஜெட்டில் ஆய்வக ரசாயனங்களின் இறக்குமதித் தீர்வை 10 விழுக்காட்டிலிருந்து 150 ஆனது. கூச்சல் எழுந்ததும் பத்தே நாளில் பழையபடி ஆக்கினார்கள். பத்து நாளில் திருத்தினார்களே என்று பாராட்டலாம். அந்தக் கோப்பு எத்தனை மேசையைத் தாண்டி வந்திருக்கும், ஒருவருக்குக்கூடவா தோன்றவில்லை என்பதுதான் என் கேள்வி.

நாடு முழுவதும் ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உற்பத்தியில் 0.64 விழுக்காடு. அதில் நமக்குப் பிடித்த செலவு எது தெரியுமா? கருவி வாங்குவது. ரிப்பன் வெட்டலாம், போட்டோ எடுக்கலாம், கல்வெட்டு வைக்கலாம். அதற்கு ஐந்து வருஷம் பராமரிப்பு ஒப்பந்தம், பம்புக்கு நல்ல எண்ணெய், குளிர்விக்க ஹீலியம், கருவியை ஓட்டத் தெரிந்த ஒரு ஆபரேட்டருக்கு நிரந்தரச் சம்பளம் என்று கேட்டால் "அது தொடர் செலவினம், இந்தத் தலைப்பில் வராது" என்று எழுதிவிடுவோம். இந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

தெருப் பெண்ணுக்கு இப்போது நடப்பதும் இதுதான். அவள் இருக்கும் இடத்தில் ஸ்பட்டரிங் கருவி இருக்கிறது. அழுத்தம் காட்டும் மானி பழுது. மாற்று மானிக்குக் கோப்பு போயிருக்கிறது. அவள் பழைய சில்லுகளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அளக்கப் போகிறாள். அதற்கு நாட்டில் வழி இல்லாமல் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் மற்றவர்களுக்கும் அளந்து தரும் கருவி மையம் இருக்கிறது. பல்கலைக்கழக மாணவர்களுக்காகவே இந்தூரில் யு.ஜி.சி.யும் அணுசக்தித் துறையும் சேர்ந்து நடத்தும் கூட்டமைப்பு இருக்கிறது. அதன் கிளை ஒன்று நம் கல்பாக்கத்தில். டிராம்பேயின் துருவா அணு உலையில் நியூட்ரான்களைப் படலத்தின் மேல் சாய்வாகப் பாய்ச்சி, எந்த ஆழத்தில் எவ்வளவு காந்தம் என்றுகூடப் பார்க்கிறார்கள். இந்த மையங்களை நினைத்துப் பெருமைப்படலாம். ஆனால் அளப்பதற்கு முதலில் படலம் வேண்டும், படலத்துக்கு மானி வேண்டும்.

நண்பரிடம் மறுநாள் இதையெல்லாம் சொன்னேன். பாதி கேட்டார். "நம்மூருக்கு இதனால என்னங்க பிரயோசனம்?" என்றார்.

திருப்பூர்க்காரர் கேட்கிற கேள்வியா இது? அவரையே திருப்பிக் கேட்டேன். துணி நிட்டிங்கிலிருந்து இறங்கியதும் என்ன செய்வீர்கள்? வட்டக் கட்டரை வைத்து நூறு சதுர சென்டிமீட்டர் வெட்டி, தராசில் வைத்து ஜி.எஸ்.எம். பார்ப்பீர்கள். 180 கேட்டவனுக்கு 165 வந்தால் அவன் எடுப்பானா? துவைத்துச் சுருக்கம் பார்ப்பீர்கள், சாயம் போகிறதா என்று பார்ப்பீர்கள். லேப் ரிப்போர்ட் இல்லாமல் ஒரு பெட்டி தூத்துக்குடிக்குப் போகுமா? வளர்த்தலும் அளத்தலும் உங்கள் தொழிலில் பிரிக்க முடியாது என்றால் அவள் தொழிலிலும் அப்படித்தான்.

"சரி, உங்க மெஷினுக்கு ஊசி எங்கே வாங்குனீங்க? எல்-1 பாத்தா?" என்றேன்.

சிரித்துவிட்டார். "ஜெர்மன் ஊசி தவிர வேற போடமாட்டனுங்க. வெல கம்மின்னு ஒருக்கா போட்டு, துணி பூரா கோடு விழுந்து, ஒரு லாட்டே போச்சு."

அவருக்கு ஒரு லாட். அந்த மாணவிக்கு ஒன்றரை வருஷம்.

இன்னொன்றையும் சொன்னேன். தையல் லைனில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை புது ஊசி தரமாட்டார்கள். கிடைத்த துண்டுகளை ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டிவைப்பார்கள். அந்த ரிஜிஸ்டரை ஒரு கம்பெனியில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. அத்தனை ஒழுங்கான பதிவேட்டை நான் சர்வீஸில் பார்த்ததில்லை. அதற்கும் மேலே, முடிந்த பனியன் ஒவ்வொன்றும் நீடில் டிடெக்டர் வழியாகப் போகிறது. துணிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் இரும்புத் துணுக்கைக் காந்தத்தால் கண்டுபிடிக்கும் மெஷின். வெளிநாட்டுக் கடைகளில் திருட்டுப் போகாமலிருக்கத் துணியில் வைக்கிற பட்டையில் ஒரு வகைக்குள் இரும்பு, நிக்கல், கோபால்ட் கலவையில் செய்த ஒரு மெல்லிய நாடா இருக்கிறது. வாசலில் உள்ள கருவி கொடுக்கும் காந்த அலையில் அது வினாடிக்கு 58,000 தடவை அதிர்ந்து மணியடிக்க வைக்கும். நாம் தைக்கிற துணியைக் காவல் காப்பது காந்தக் கலவைதான். அந்தக் கருவியையும் பட்டையையும் வெளியிலிருந்து வாங்குகிறோம். நாம் பனியன் மட்டும் தைக்கிறோம். செய்யத் தெரிந்துகொள்ளப் போன நம் தெருப் பெண்ணைப் பார்த்து வரிப்பணம் வீண் என்கிறோம்.

நண்பர் கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். பிறகு, "அந்த மானி என்ன வெல ஆகுமுங்க?" என்றார். சொன்னேன். "எம் பையன் ஒரு மாசத்துக்கு ஊசிக்கே அதவிட செலவு பண்றான்" என்றார்.

ஒன்று விட்டுப்போயிற்று. மூன்று வருஷத்துக்கு முன் நவம்பரில் ஆயுள் சான்று கொடுக்கப் புதுச்சேரி போயிருந்தேன். வங்கியில் மேலாளர் அறையிலிருந்து ஒரு பெண்மணி வெளியே வந்து என்னைப் பார்த்து நின்றார். "நீங்க ஸ்டோர்ஸ்ல இருந்த ஆயில் சார்தானே?" என்றார். துறையில் எனக்கு அந்தப் பெயர் இருந்ததே அன்றுதான் தெரிந்தது. உட்காரவைத்து, காபி கொடுத்து, என் சான்றை அவரே பதிவு செய்தார். பழையதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நான்தான் ஆரம்பித்தேன். "விடுங்க சார், ரூல் அப்படி" என்றார்.

ரூல் அப்படி இல்லை. அந்த ஒற்றை டெண்டர் விதியைச் சொல்ல வாயெடுத்தேன். வரிசையில் பின்னால் ஆட்கள் நின்றதால் எழுந்து வந்துவிட்டேன்.

ஆய்வக நிலையங்களின் தொடர் செலவினத்துக்குத் தனித் தலைப்பு வேண்டும், கருவி வாங்கும்போதே பராமரிப்புப் பணத்தையும் ஒதுக்க வேண்டும், பயன்படுத்துகிறவர் எழுதிக் கையெழுத்திட்ட தரத்தை ஸ்டோர்ஸ் பிரிவு மாற்றக் கூடாது என்று நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். தமிழில் இரண்டு பக்கம். நண்பர் முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார். அலுவலகத்தில் குப்பை கொட்டியவர்கள் யாராவது போட்டால் இன்னும் நன்றாக இருக்கும். காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். பேனா கொண்டுவாருங்கள், என்னிடம் இருப்பது பச்சை மை.